முதல் மாணவனுக்கும் டியூசன் வேண்டுமா?



தீபாவளிக்குத் தோட்டத்துக்கு வரும் சிங்கப்பூர் உறவினர்கள் பலகாரத்தோடு ஒரு செய்தியையும் கொண்டுவருவது வழக்கம். "பிடோக்கில் எங்கள் புளோக்கில் வகுப்பிலேயே முதலாவதாக வரும் பையன்கூட வாரம் மூன்று நாள் டியூசன் போகிறான்" என்பார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் தாய்க்கு அன்றிரவு தூக்கம் வராது. தன் மகளும் நன்றாகத்தான் படிக்கிறாள். டியூசனுக்கு அனுப்பாமல் அவளைப் பின்தங்க வைத்துவிடுவோமோ என்பது அவள் கவலை. அந்தக் கவலைக்கு ஆதாரம் உண்டா என்பதை இன்று பார்ப்போம்.

உறவினர் சொல்வது பொய்யன்று. சிங்கப்பூரின் கிழக்கே, அடுக்குமாடி வீடுகள் நிறைந்த வட்டாரம் பிடோக். அங்கும் பிற வட்டாரங்களிலும் கடைவரிசைகளுக்கு நடுவே துணைப்பாட நிலையங்கள் இருக்கின்றன. நாடு முழுவதும் குடும்பங்கள் டியூசனுக்குச் செலவிட்ட தொகை 2018இல் ஆண்டுக்கு 140 கோடி வெள்ளி. 2023இல் அது 180 கோடி வெள்ளியானது. இத்தனை பேரும் விவரம் அறியாதவர்களா என்று நீங்கள் கேட்கலாம். அறியாதவர்கள் அல்லர், அஞ்சுகிறவர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை புத்தகப் பையோடு புறப்படும்போது நம் பிள்ளையை வீட்டில் இருத்திவைக்க யாருக்குத்தான் மனம் துணியும்?

ஆனால் பலன் என்ன? ரோலண்ட் சியோ, யூஸ்டன் குவா என்ற இரு பொருளியல் ஆய்வாளர்கள் சிங்கப்பூரின் பெயர்பெற்ற உயர்நிலைப் பள்ளிகள் சிலவற்றின் மாணவர்களை ஆராய்ந்து 2005இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஏற்கெனவே நன்றாகப் படிக்கும் அந்தப் பிள்ளைகளுக்கு டியூசனால் எதிர்பார்த்த உயர்வு கிடைக்கவில்லை; மொத்தத் தேர்ச்சி சற்றுக் குறையவும் கூடும் என்றே அவர்கள் கண்டார்கள். ஒரே ஆய்வை வைத்து முடிவு கட்டிவிடக் கூடாதுதான். தேர்ச்சி சரியத் தொடங்கிய பிறகு டியூசனுக்குப் போனவர்களும் அவர்களில் இருந்திருக்கலாம். என்றாலும் ஒன்று நம் கண்ணுக்கே தெரிகிறது: நாளுக்கு இருபத்துநான்கு மணி நேரந்தான். கணக்குக்குக் கூட்டிய நேரம் வேறு பாடத்திலிருந்தோ தூக்கத்திலிருந்தோதான் வரவேண்டும்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். சிங்கப்பூரில் ஆறாம் வகுப்பு முடிவில் எழுதும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் 2021 முதல் புது முறை வந்திருக்கிறது. 90ம் அதற்கு மேலும் எடுத்தால் முதல் நிலை. 85 முதல் 89 வரை இரண்டாம் நிலை. இப்படி எட்டாம் நிலை வரை. நான்கு பாடங்களின் நிலைகளையும் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. கணக்கில் 92 எடுப்பவளை டியூசனுக்கு அனுப்பி 97 எடுக்கவைத்தாலும் அவள் அதே முதல் நிலையில்தான் இருப்பாள். அதே பிள்ளை அறிவியலில் 74 எடுத்தால் ஐந்தாம் நிலை. ஒரே மதிப்பெண் கூடி 75 ஆனால் நான்காம் நிலை! அப்படியிருந்தும் பிள்ளை கெட்டிக்காரியாக இருக்கும் பாடத்துக்கே பணம் கட்டுகிற பெற்றோர் உண்டு. பிள்ளைக்கும் அது பிடிக்கிறது, பெற்றோருக்கும் பெருமை. (மலேசியாவில் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கு அந்தத் தேர்வின் பெயரைச் சொல்லி யாரும் பணம் கேட்க இடமில்லை.)

அப்படியானால் கெட்டிக்காரப் பிள்ளைக்கு டியூசனே வீணா? அப்படியும் இல்லை. கணக்கில் சூரனாக இருப்பவன் ஆங்கிலக் கட்டுரையில் தடுமாறலாம். வீட்டில் அதைப் படித்துத் திருத்திச் சொல்ல ஆள் இருக்காது. வகுப்பில் நடத்துவதை முன்பே அறிந்து சலித்துப்போன பிள்ளைக்கு, யோசிக்க வைக்கும் கடினமான கணக்குகளைத் தரக்கூடிய ஓர் ஆசிரியர் கிடைத்தால் அது பெரும் பேறு. பள்ளியில் செய்ததையே மறுபடி ஐம்பது தாள் செய்யச் சொல்லும் வகுப்புத்தான் அவனுக்குப் பயன்படாதது.

நம் தோட்ட வீடுகளில் கேள்வி இதைவிடக் கடினமானது. பெரியவன் வகுப்பில் முதல்; சின்னவளுக்கு வாய்பாடே வரவில்லை. சம்பளத்தில் ஒருவருக்குத்தான் பணம் கட்ட முடியும். பெரும்பாலும் அது பெரியவனுக்கே போகிறது. 'இவனாவது முன்னுக்கு வரட்டும்' என்ற எண்ணம். ஆனால் பெரியவன் பள்ளியிலேயே பாடத்தைப் பிடித்துக்கொள்கிறான். பிடி நழுவி நிற்பவள் சின்னவள். அவளுக்கு அடிப்படையைப் பொறுமையாகத் திரும்பச் சொல்லிக் கொடுத்தால் வரும் பலன், அவனுக்கு வரும் பலனைவிடப் பெரிதாகவே இருக்கும். பணத்தை அவளுக்குக் கட்டுங்கள் என்றே நாங்கள் சொல்வோம்.

சிங்கப்பூர் இந்தியர்கள் இதை ஒரு வீட்டுப் பிரச்சினையாக மட்டும் விட்டுவிடவில்லை. 1991இல் சிண்டா என்னும் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்தை அமைத்தார்கள். வேலை செய்யும் இந்தியர்களின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் ஒரு சிறு தொகை அதற்குப் போகிறது, வேண்டாதவர் விலகிக்கொள்ளலாம். அந்தப் பணத்தின் துணையோடு குறைந்த கட்டணத்தில் துணைப்பாட வகுப்புகள் நடக்கின்றன.

பெரியவனை என்ன செய்வது? தங்கைக்கு வாய்பாடு சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள். பிறருக்கு விளக்கும்போது தனக்கே எது விளங்கவில்லை என்பது அவனுக்குத் தெரிந்துவிடும். பள்ளியில் திருத்தித் தந்த தாளில் தவறான கணக்குகளை மட்டும் தனி நோட்டில் எழுதி மறுபடி போடட்டும். அப்படியும் விளங்காததை மறுநாள் ஆசிரியரிடம் கேட்கட்டும். பிடோக்கில் பொது நூலகம் இருக்கிறது, பணமில்லாமல் உட்கார்ந்து படிக்கலாம். நம் லயத்தில் அது இல்லைதான். பள்ளி நூலகத்திலிருந்து வாரம் ஒரு புத்தகம் வீட்டுக்கு வரட்டும். இரவு பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுங்கள்.