பாலைவனத்தைத் தாண்டிய குடும்ப வண்டி!

ஆஸ்திரேலியாவின் நடுவே சிம்ப்சன் பாலைவனம் இருக்கிறது. கடல் அலைகளைப்போல, ஒன்றன்பின் ஒன்றாக 1,100-க்கும் மேற்பட்ட மணல் மேடுகள்! சில மேடுகளின் நீளம் 200 கிலோமீட்டர்.

1962-ம் ஆண்டில் ஒரு குடும்பம் இந்தப் பாலைவனத்தை மோட்டார் வண்டியில் கடந்தது. கணவர், மனைவி, ஒரு மகள், ஒரு மகன். அதற்குமுன் யாரும் மோட்டாரில் அதைக் கடந்தது இல்லை. அப்போது அங்கே பாதையே கிடையாது.

கணவரின் பெயர் ரெக் ஸ்பிரிக். பாறைகளையும் மண்ணையும் ஆராயும் நிபுணர். மனைவியின் பெயர் கிரிசெல்டா. அவர்கள் சென்ற வண்டி, நிசான் பட்ரோல். ஜீப் போன்றது. தேவைப்படும்போது நான்கு சக்கரங்களும் சேர்ந்து வண்டியைத் தள்ளும்.

இன்று அந்தப் பாலைவனத்தில் தடங்கள் இருக்கின்றன. விடுமுறை வந்தால் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். அதற்காகச் சொந்த வண்டியைப் பட்டறையில் விட்டு மாற்றி அமைக்கிறார்கள்.

என்னென்ன மாற்றுகிறார்கள்? எதற்காக?

காற்றைக் குறை!

முதல் மாற்றத்துக்குச் செலவே இல்லை. டயரில் உள்ள காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட வேண்டும். அவ்வளவுதான்!

தார் ரோட்டில் 35 பவுண்டு காற்று இருக்கும். மணலில் அதை 15 முதல் 20 பவுண்டுக்குக் குறைப்பார்கள். டயர் சப்பையாகி, நீளமாகத் தரையில் படியும். ஒட்டகத்தின் அகன்ற பாதம் மணலில் புதைவது இல்லை அல்லவா? அதேபோல டயரும் புதையாமல் மணல்மேல் ஏறும்.

ஆனால் அப்போது மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். வேகமாகப் போனால் டயர் சூடேறிக் கிழிந்துவிடும். சட்டென்று திருப்பினால் ரிம்மை விட்டே கழன்றுவிடும். கெட்டித் தரை வந்ததும் மறுபடி காற்று நிரப்ப வேண்டும். அதற்காகப் பேட்டரியில் ஓடும் சிறிய பம்பு ஒன்றைக் கையோடு வைத்திருப்பார்கள்.

உயரமும் ஆபத்து

கல்லும் மேடும் வண்டியின் அடிவயிற்றில் இடிக்காமல் இருக்க, ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் மாற்றி வண்டியை உயர்த்துவார்கள். கரடுமுரடான ரோட்டில் மணிக்கணக்காக ஓடும்போது ஷாக் அப்சார்பர் கொதிக்கும். ஆகவே கனமானதாகப் பார்த்துப் போடுவார்கள்.

ஆனால் வண்டி உயர உயர, கவிழும் ஆபத்தும் கூடும். ஆகவே ஓர் அளவுக்குமேல் உயர்த்தினால், அங்கீகாரம் பெற்ற என்ஜினீயரின் சான்றிதழ் வேண்டும்.

வண்டிக்கு மூக்கு

சில வண்டிகளில் என்ஜினிலிருந்து கூரை வரை ஒரு குழாய் நிற்கும். அதுதான் வண்டியின் மூக்கு! என்ஜின் அதன் வழியாக மூச்சு விடும்.

ஆற்றைக் கடக்கும்போது என்ஜினுக்குள் தண்ணீர் புகுந்தால் பெரும் நஷ்டம். காற்றை அமுக்கலாம். தண்ணீரை அமுக்க முடியாது. உள்ளே இருக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். முன்னால் போகும் வண்டி கிளப்பும் புழுதியும் உயரத்தில் குறைவு.

கங்காரு வந்தால்?

விடியற்காலையிலும் அந்தி வேளையிலும் கங்காரு ரோட்டுக்குக் குறுக்கே பாயும். மோதினால் ரேடியேட்டர் உடையும். ரேடியேட்டர் உடைந்தால் நடுக்காட்டில் நிற்க வேண்டியதுதான். அதனால் வண்டிக்கு முன்னால் கனத்த இரும்புத் தடுப்பு மாட்டுகிறார்கள்.

பாலைவனத்தில் இன்னோர் ஆபத்து, எதிரே வரும் வண்டி. மேட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பது தெரியாது. உச்சியில் இரண்டும் மோதிக்கொள்ளும்! ஆகவே ஒவ்வொரு வண்டியிலும் உயரமான கம்பியில் ஒரு கொடி பறக்கும். வண்டி தெரிவதற்கு முன்பே கொடி தெரியும்.

குளிர்ப்பெட்டிக்கும் விளக்குக்கும் தனியாக இரண்டாவது பேட்டரி உண்டு. இரவெல்லாம் அவை எரிந்து தீர்ந்தாலும், காலையில் வண்டியைக் கிளப்ப முதல் பேட்டரி முழுசாக இருக்கும்.

எடை என்னும் எமன்

எல்லாவற்றையும் மாட்டிவிட்டால் வண்டி தயாரா? இல்லை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

பல குடும்ப ஜீப்புகள் ஆட்களையும் சேர்த்து 700 கிலோவைப்போலத்தான் சுமக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முன் தடுப்பு 60 கிலோ. சேற்றில் சிக்கினால் இழுக்கும் வின்ச் 30 கிலோ. இரண்டாவது பேட்டரி 25 கிலோ. கூரைக் கேரியரும் அதன்மேல் கூடாரமும் 90 கிலோ. கூடுதலாக 100 லிட்டர் டீசல் 85 கிலோ. குடிதண்ணீர் 120 கிலோ. ஸ்டெப்னியும் கருவிகளும் 40 கிலோ. மொத்தம் 450 கிலோ!

கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் சேர்ந்து 250 கிலோ. ஆக 700 கிலோ முடிந்துவிட்டது. துணிமணி, சாப்பாடு, அடுப்பு எதுவும் இன்னும் ஏறவில்லை!

சுமை மிஞ்சினால் பிரேக் பிடிக்காது. ஸ்பிரிங் ஒடியும். மணலில் புதையும். கூரைமேல் சுமை ஏறினால் வண்டி சாயும். ஆகவே அனுபவசாலிகள் "எதை மாட்டலாம்?" என்று கேட்பதைவிட, "எதை விட்டுவிட்டுப் போகலாம்?" என்றுதான் அதிகம் கேட்கிறார்கள்.

ஆனால் ஒன்றை மட்டும் குறைக்கக் கூடாது. அது தண்ணீர்!

ஐந்து பேர் மாண்ட கதை

சிம்ப்சன் பாலைவனத்தின் கிழக்கு ஓரத்தில் பேர்ட்ஸ்வில் என்ற சிற்றூர் இருக்கிறது. அதையும் தெற்கே உள்ள மரீ என்ற ஊரையும் 517 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு மண்பாதை இணைக்கிறது. ஒரு காலத்தில் மாட்டு மந்தைகளை ஓட்டி வந்த வழி அது.

1963 டிசம்பரில் ஒரு குடும்பம் அந்த வழியாகக் காரில் போயிற்று. தாய், தந்தை, மூன்று மகன்கள். ஆஸ்திரேலியாவில் டிசம்பர் மாதம் கொடுங்கோடை!

வழி தவறியது. பெட்ரோல் தீர்ந்தது. தண்ணீரும் சில நாளைக்குத்தான் இருந்தது. அவர்கள் காரை விட்டு நடந்தார்கள்.

ஐந்து பேரும் தாகத்தால் மாண்டார்கள்.

வழியே இல்லாத பாலைவனத்தை ஒரு குடும்பம் கடந்தது. மறு ஆண்டே, வழி இருந்த இடத்தில் இன்னொரு குடும்பம் அழிந்தது.

இன்று கோடையில் சிம்ப்சன் பாலைவனப் பூங்காக்களை மூடிவிடுகிறார்கள். டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை யாரும் போகக் கூடாது.

உயிர் காக்கும் விதிகள்

குடிக்க மட்டும் ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு 5 லிட்டராவது தண்ணீர் வேண்டும். நான்கு பேருக்கு ஆறு நாளைக்கு 120 லிட்டர். அதை ஒரே டாங்கியில் வைக்கக் கூடாது. அது ஓட்டையானால் எல்லாம் போயிற்று. இரண்டு மூன்று பாத்திரங்களில் பிரித்து வைக்க வேண்டும்.

எந்த வழியாகப் போகிறோம், எந்த நாளில் போய்ச் சேருவோம் என்று ஊரில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் புறப்பட வேண்டும். அந்த நாளில் தகவல் வராவிட்டால் அவர் போலீசுக்குச் சொல்வார்.

உள்ளங்கை அளவில் ஒரு கருவி இப்போது கிடைக்கிறது. ஆபத்தில் அதன் பொத்தானை அழுத்தினால், செயற்கைக்கோள் வழியாக மீட்புப் படைக்குச் செய்தி போய்விடும்.

வண்டி நின்றுவிட்டால் அதைவிட்டு நடக்கவே கூடாது. தேடிவரும் விமானத்துக்கு மனிதன் புள்ளியாகக்கூடத் தெரிய மாட்டான். வண்டி தெரியும். வண்டியின் நிழலில் பிள்ளைகளை உட்கார வைத்து, தண்ணீரைக் கொடுத்து, உதவி வரும்வரை காத்திருப்பதே வழி.