ஏரியும் மீனும் – 9: பனிக்காலத் தூண்டில்

2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டரைத் தாண்டி மழை கொட்டியது. செஞ்சி மலைகளில் பிறக்கும் சங்கராபரணியில் வெள்ளம் புரண்டது; 32 அடி உயர வீடூர் அணையின் மதகுகள் திறக்கப்பட்டன. இப்படிக் கலங்கல் வழியும் நாட்களில் புதுத்தண்ணிக்கு மீன் ஏறும். வீச்சு வலையும் கொசுவலையுமாகச் சனம் திரண்டுவிடும்.

அந்த ஆரவாரம் சில நாள்தான். வெள்ளம் வடிந்து, தண்ணீர் தெளிந்து, மார்கழிப் பனி இறங்கும்போது தூண்டில்காரர்களின் காலம் தொடங்குகிறது.

செஞ்சிக் கோட்டைக்குள் இருக்கும் செட்டிகுளமும் சக்கரகுளமும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. தூண்டிலுக்கு இடம் சுற்றியுள்ள ஊர் ஏரிகள்தான். பல ஏரிகளில் மீன்பாசி குத்தகை விடப்படுவதால், குத்தகைதாரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருவதே முறை.

கருவிகள் எளியவை. ஆள் உயரத்துக்கு மேல் ஒரு மூங்கில் கழி, நுனியில் நைலான் நரம்பு, நரம்பின் முனையில் முள், அதற்குச் சற்று மேலே சிறு ஈயக்குண்டு, நீர்மட்டத்தில் மிதக்க நெட்டித் தக்கை. தக்கைக்கும் முள்ளுக்கும் இடையே எவ்வளவு நரம்பு விடுவது என்பதில்தான் கைப்பழக்கம் தெரியும். கெளுத்திக்கு மண்புழு கோத்து, முள் தரையைத் தொடுமளவு நரம்பு விட வேண்டும். கெண்டைக்கு மைதா உருண்டை போதும். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபி எதையும் விடாது.

விராலின் கதை வேறு. அதற்கு உயிருள்ள தவளையோ குஞ்சு மீனோ வேண்டும். கரையில் கனமான குச்சி நட்டு, தடித்த நரம்பைக் கட்டி, இரையைத் தாமரைக்கொடி ஓரமாக மிதக்கவிட்டு இரவு முழுக்க விட்டுவைப்பார்கள். குச்சி ஆடினால் மீன் மாட்டியாயிற்று.

பனிக்காலத்தில் விடியற்காலையிலேயே போய்க் காத்திருப்பது வீண். மீனுக்குத் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. தண்ணீர் குளிர்ந்தால் உடலும் குளிரும், பசியும் மந்தப்படும். வெயில் ஏறி, கரையோர ஆழமில்லாத தண்ணீர் சற்றே சூடேறிய பிறகு தக்கை அசையத் தொடங்கும்.

இதே கணக்குதான் உறைந்த ஏரியிலும். டொரண்டோவுக்கு வடக்கே, ஸ்கார்பரோவில் வாழும் தமிழர்களுக்குக் காரில் எட்டும் தூரத்தில் சிம்கோ ஏரி இருக்கிறது. குளிர்காலத்தில் அதன் மேல்பரப்பு பாறையாக இறுகிவிடும். தண்ணீர் மிகக் கனமாக இருப்பது 4 டிகிரியில். அந்த நீர் அடியில் தங்க, அதைவிடக் குளிர்ந்தது மேலே மிதந்து உறைகிறது. அதனால்தான் பனிக்கட்டிக்குக் கீழே மீன் உயிரோடு இருக்கிறது.

பனிக்கட்டி குறைந்தது 10 சென்டிமீட்டர் தடித்திருந்தால்தான் ஆள் நடக்கலாம் என்பது பொது விதி. திருகு துரப்பணத்தால் துளை போட்டு, துளையில் சேரும் பனித்தூளைச் சல்லடைக் கரண்டியால் அள்ளி எறிந்து, இரண்டு மூன்று அடிக் குட்டைக் கழியால் இரையை நேர்கீழே இறக்குகிறார்கள். துளைமேல் வைக்கும் இன்னொரு கருவியில், மீன் இழுத்ததும் சிறு கொடி ஒன்று நிமிர்ந்து நிற்கும். செஞ்சி ஏரிக்கரையில் நட்ட குச்சி செய்வதும் அந்த வேலையைத்தான். ஒண்டாரியோவில் 18 முதல் 64 வயது வரை மீன்பிடி உரிமம் வேண்டும். பனிமேல் போடும் குடில்களைக் குறித்த தேதிக்குள் அகற்றவும் வேண்டும்.

அந்த ஒழுங்கு நம் ஏரிகளுக்கும் தேவை. மழைக்காலம் விரால் குஞ்சு பொரிக்கும் காலம். செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக நீர்மட்டத்தில் கொப்பளித்து வரும். அடியில் தாயும் தந்தையும் காவல் வரும். குஞ்சைக் காக்கும் வேகத்தில் எதன்மீதும் பாயும் அந்தச் சமயத்தில் விராலைப் பிடிப்பது மிகச் சுலபம். பெற்றவை போய்விட்டால், குஞ்சுகளைச் சுற்றியுள்ள மீன்களே தின்று தீர்த்துவிடும்.

தூண்டிலோடு ஏரிக்குப் போகும் வாசகர்களுக்கு இரண்டு வேண்டுகோள். குஞ்சோடு வரும் விராலை விட்டுவிடுங்கள். அறுந்த நரம்பைக் கரையில் போடாமல் சுருட்டி வீட்டுக்கு எடுத்து வாருங்கள். நாரையும் கொக்கும் காலில் அது சுற்றிக்கொண்டுதான் சாகின்றன.

(தொடரும்)