மின்குமிழ் எரிந்தால் வானொலி இரைவது ஏன்?

கடந்த நோன்புக்கு முந்தைய மாலை, ஹட்டனில் உறவினர் வீட்டில் பிறை அறிவிப்பைக் கேட்க வானொலியைத் திறந்தோம். முஸ்லிம் சேவைக்குப் பதிலாக 'ஸ்ஸ்' என்ற இரைச்சல்தான் வந்தது. மழை, மலை என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வீட்டுப் பிள்ளை கூடத்து மின்குமிழை அணைத்தார், குரல் தெளிவாகிவிட்டது.

2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 சதவீதமும் கூடியது. 60 வோட்ஸ் பழைய குமிழின் வெளிச்சத்தை 8, 9 வோட்ஸ் எல்.ஈ.டி. தரும்போது யார்தான் மாற்றமாட்டார்? மாற்றியதில் தவறில்லை. சிக்கல் குமிழுக்குள் இருக்கும் சிறிய மின்சுற்றில் இருக்கிறது.

பழைய குமிழில் இருந்தது சூடாகி ஒளிரும் ஒரு கம்பி இழை மட்டுமே. சி.எப்.எல்., எல்.ஈ.டி. குமிழ்கள் அப்படியல்ல. இவற்றில் பெரும்பாலானவை 230 வோல்ட் மின்சாரத்தை விநாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி, தமக்கு ஏற்றதாக மாற்றிக்கொள்கின்றன. அந்த வெட்டல்கள் வானொலி அலைகளாகவும் கசிகின்றன. சுவரில் ஓடும் வயர்கள் அன்ரனாபோல அவற்றைப் பரப்புகின்றன. மத்திய அலையில் தொல்லை அதிகம். மோசமான குமிழ் என்றால் எப்.எம். அலைவரிசையும் தப்பாது. நல்ல தயாரிப்பில் இதைத் தடுக்க ஒரு சுருளும் கொள்ளளவியும் கொண்ட வடிகட்டி இருக்கும். மலிவுக் குமிழில் செலவைக் குறைக்க அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். மலிவு சார்ஜர்களின் கதையும் இதுவே.

இது நமக்கு மட்டுமான தொல்லையல்ல. 2018இல் அமெரிக்கக் கரையோரக் காவற்படை, எல்.ஈ.டி. விளக்குகள் கப்பல்களின் வானொலித் தொடர்பைக் கெடுக்கலாம் என எச்சரித்தது. வேல்ஸில் ஒரு கிராமத்துக்கே பதினெட்டு மாதங்கள் காலை ஏழு மணிக்கு இணையம் அறுந்தது. ஒரு வீட்டின் பழைய தொலைக்காட்சிதான் காரணம் என 2020இல் கண்டுபிடித்தார்கள்.

மலையகத்தில் இது கூடுதலாக உறைக்கக் காரணம் உண்டு. எப்.எம். அலை பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வது. மலை மறைக்கும் பள்ளத்துத் தோட்டங்களில் அது மெலிந்தே வருகிறது. சிறு இரைச்சலும் அதை மூடிவிடும். லயன் வீடுகளில் சுவர் ஒன்றே என்பதால் பக்கத்து வீட்டுக் குமிழும் நம் வானொலியைக் கெடுக்கும். பாட்டு கேட்காவிட்டால் பரவாயில்லை. ஆனால் 2014 ஒக்டோபர் 29இல் மீரியாபெத்தை மண்ணில் புதைந்ததை மறந்துவிட முடியுமா? அடைமழை மாலையில் வரும் மண்சரிவு எச்சரிக்கை காதில் விழவேண்டும். மின்சாரம் போனால் இரைச்சலும் போய்விடும், உண்மைதான்; எச்சரிக்கை அதற்கு முன்பே வந்து போயிருக்கலாம்.

கண்டுபிடிப்பது எளிது. பற்றரியில் வானொலியை ஓடவிட்டு வீட்டின் பிரதான சுவிட்சை அணையுங்கள். இரைச்சல் நின்றால் குற்றவாளி உங்கள் வீட்டில்தான். ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். நிற்காவிட்டால் பக்கத்து வீட்டாரிடம் பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள். வானொலியைக் குமிழுக்கும் வயருக்கும் தள்ளி ஜன்னலோரம் வைத்தாலே பல வீடுகளில் பாதித் தொல்லை குறையும்.

புதிய குமிழ் வாங்கும்போது கடைக்காரர் எரியவைத்துக் காட்டுவார்தானே? கையில் ஒரு சிறிய வானொலியோடு போய், அதன் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள்.