‘குடிச்சிட்டு ஓட்டி கேஸ் ஆனவன்ல!’ - டீக்கடைப் பேச்சா, கோர்ட் பதிவா... போனிலேயே பார்ப்பது எப்படி?

உங்கள் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். பையனுக்குப் பாலவனத்தம். சொந்தமாக லோடு வண்டி வைத்து ஓட்டுகிறார். ஜாதகம் பொருந்திவிட்டது, நாள் குறிப்பதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து யாரோ ஒரு மாமா, டீக்கடையில் கேட்டதை வீட்டில் கொண்டுவந்து இறக்கிவைக்கிறார். “அந்தப் பையனா? குடிச்சிட்டு வண்டி ஓட்டி கேஸ் ஆனவன்ல!”

அவ்வளவுதான். அதற்கப்புறம் பையன் வீட்டிலிருந்து போன் வந்தால் எடுக்க ஆள் இருக்காது. ஏன் எடுக்கவில்லை என்று சொல்லவும் மாட்டார்கள்.

மாமா சொன்னது உண்மையாக இருக்கலாம். அதே பேரில் இருக்கும் இன்னொருவரின் கேஸாக இருக்கலாம். கேஸ் நடந்து, விடுதலையே ஆகியிருக்கலாம். சின்ன ஊரில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும் என்பார்கள். பாதி தெரியும் என்பதுதான் சரி. மீதிப் பாதி, ஏதோ ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட்டின் பதிவேட்டில் இருக்கிறது. அதைப் பார்க்க நீங்கள் வக்கீலாக இருக்க வேண்டியதில்லை. கிரிமினல் வழக்கை விசாரிக்கும் இடம் பொதுமக்கள் வந்துபோகக்கூடிய திறந்த நீதிமன்றம்தான் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 366-வது பிரிவே சொல்கிறது. 2024 ஜூலை 1-ல் இந்தச் சட்டம் வருவதற்கு முன்பும் இதே நிலைதான்.

‘ஸ்பாட்லயே காசு கட்டிட்டேன்’ - அப்படியா?

தேடுவதற்கு முன்னால், எதைத் தேடுகிறோம் என்று தெரிந்துகொள்வோம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 185-வது பிரிவு. இந்த நம்பரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். வழியில் மறித்து ஊதச் சொல்கிறார்களே, அதில் 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் என்று காட்டினால் குற்றம். முதல் தடவைக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே. அடுத்த தடவை என்றால் 2 வருடம் வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். 2019 செப்டம்பருக்கு முன்பு முதல் தடவைக்கான அபராதம் 2,000 ரூபாய் வரைதான். பழைய கேஸைப் பார்த்துவிட்டு ‘இவ்ளோ கம்மியா?’ என்று குழம்ப வேண்டாம்.

ஹெல்மெட் போடாதது மாதிரியான குற்றங்களுக்கு அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். அப்படிச் சமரசமாக முடித்துக்கொள்ளும் குற்றங்களை அதே சட்டத்தின் 200-வது பிரிவு பட்டியல் போட்டிருக்கிறது. அந்தப் பட்டியலில் 185 இல்லை. அதாவது இது கோர்ட்டுக்குப் போக வேண்டிய விஷயம். “ரோட்டுலயே காசு கட்டி முடிச்சிட்டேன்” என்று யாராவது சொன்னால், ஒன்று அது வேறு குற்றமாக இருக்கும், இல்லையென்றால் கேஸ் இன்னும் முடியவில்லை.

லோடு வண்டி மாப்பிள்ளை விஷயத்தில் அபராதத்தைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. 185-ல் தண்டிக்கப்பட்டால், குறைந்தது 6 மாதத்துக்கு லைசென்ஸ் தகுதியிழப்பு செய்ய வேண்டும் என்று 20-வது பிரிவு கோர்ட்டுக்குச் சொல்கிறது. வண்டி ஓட்டித்தான் அடுப்பெரிய வேண்டும் என்ற வீட்டில் 6 மாதம் என்றால் யோசித்துப் பாருங்கள். பள்ளி வேன், மினி பஸ் ஓட்டுபவர்களுக்கும் இதேதான்.

சரி, எங்கே தேடுவது?

‘இ-கோர்ட்ஸ் சர்வீசஸ்’ என்று ஒரு ஆப் இருக்கிறது. அதே பேரில் இணையதளமும் உண்டு. இலவசம். மாநிலம் தமிழ்நாடு, மாவட்டம் விருதுநகர் என்று தேர்ந்தெடுத்தால் கோர்ட் வளாகங்களின் பட்டியல் வரும். பாலவனத்தம் அருப்புக்கோட்டை தாலுகா என்பதால் அருப்புக்கோட்டை வளாகத்திலிருந்து ஆரம்பிக்கலாம். விருதுநகர் மாவட்டத்தின் தலைமை நீதிமன்றம் விருதுநகரில் இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. பட்டியலில் அந்தப் பேரைப் பார்த்துத் தடுமாற வேண்டாம்.

அடுத்து ‘கேஸ் ஸ்டேட்டஸ்’. 16 இலக்க சி.என்.ஆர். நம்பர் கையில் இருந்தால் ஒரே தட்டலில் கேஸ் வந்துவிடும். ஆனால், டீக்கடைக்காரர்கள் சி.என்.ஆர். நம்பர் சொல்வதில்லை. அதனால் கேஸில் சம்பந்தப்பட்டவரின் பேர், எஃப்.ஐ.ஆர். நம்பர், சட்டம் என்று வேறு வழிகளில் தேடலாம். பேர் வழியாக என்றால் குறைந்தது 3 எழுத்தும், வருடமும் கொடுக்க வேண்டும். நிலுவை, முடிந்தது, இரண்டும் என்று மூன்று தேர்வுகள் இருக்கும். ‘இரண்டும்’ என்பதைத் தட்டுங்கள். சட்டம் வழியாக என்றால் மோட்டார் வாகனச் சட்டத்தைத் தேர்ந்தெடுத்து, பிரிவு 185 என்று போட வேண்டும். அந்த கோர்ட்டில் பதிவான அப்படிப்பட்ட வழக்குகள் வரிசையாக வரும். ஒரு வேண்டுகோள். ஒரு கேள்வியோடு போய், பதிலோடு வெளியே வாருங்கள். ஊர்க்காரர் பேரையெல்லாம் ராத்திரி உட்கார்ந்து ஸ்க்ரோல் பண்ணுவதற்கு அது இன்ஸ்டாகிராம் இல்லை.

பதிவில் ‘எஸ்.டி.சி.’ என்று இருந்தால் சம்மரி ட்ரையல் கேஸ், அதாவது சுருக்கமான முறையில் விசாரிக்கப்படும் வழக்கு. ஊரில் ‘பெட்டி கேஸ்’ என்று சொல்வோமே, அந்த வகை. இந்த முறையில் 3 மாதத்துக்கு மேல் சிறைத்தண்டனை கொடுக்க முடியாது. ‘சி.சி.’ என்று இருந்தால் கொஞ்சம் கனமானது. குடித்துவிட்டு ஓட்டி ஆள் மேல் மோதி, உயிரே போயிருந்தால் 185 தனியாக வராது. கவனக்குறைவால் மரணம் விளைவித்த பிரிவும் சேர்ந்து வரும்.

இங்கேதான் நிறைய பேர் ஒரு தப்பு செய்கிறார்கள். ஆளுக்குப் பாலவனத்தம் என்பதால் அருப்புக்கோட்டையில் மட்டும் தேடிவிட்டு, “ஒண்ணும் இல்லப்பா, பையன் சுத்தம்” என்று முடித்துவிடுகிறார்கள். வழக்கு, சொந்த ஊரைப் பார்த்துப் போவதில்லை. சம்பவம் நடந்த இடத்தைப் பார்த்துப் போகிறது. விருதுநகரில் மாட்டினால் விருதுநகர் கோர்ட். மதுரை - தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் எட்டயபுரம் பக்கம் மாட்டினால் மாவட்டமே தூத்துக்குடி. அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்து வானம் பார்த்த பூமியிலிருந்து பிழைக்கப் போனவர்கள் திருப்பூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். அவர் எங்கெங்கே வேலை பார்த்தாரோ அங்கெல்லாம் தேட வேண்டும். அப்படியும் கிடைக்கவில்லையா? ‘கிடைக்கவில்லை’ என்று மட்டும் சொல்லுங்கள். ‘இல்லை’ என்று சொல்லாதீர்கள்.

பேர்தான் பெரிய வில்லங்கம்

நம்மிடம் குடும்பப் பேர் கிடையாது, இனிஷியல்தான். கருப்பசாமி, முருகன், மாரிமுத்து, பாண்டி... இந்தப் பக்கத்தில் ஒரே தெருவில் இந்தப் பேரில் மூன்று பேர் இருப்பார்கள். பதிவுகளோ பெரும்பாலும் ஆங்கில எழுத்தில். ஒரு ‘ஹெச்’ கூடும், ஒரு ‘ஏ’ குறையும். என் அப்பா பேரை எங்கள் ஊர் கோர்ட் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். ஸ்பெல்லிங் மாற்ற மாற்ற வேறு வேறு பட்டியல் வந்தது. அதில் ஒருவர்கூட என் அப்பா இல்லை. எனக்கு அது தெரியும். வெளியாள் ஒருவருக்கு எப்படித் தெரியும்? ஊர்ப் பேரிலும் இந்தத் தொல்லை உண்டு. 1901-ல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் இந்தப் பாலவனத்தத்தின் ஜமீன்தார்தான். அந்தப் பெருமையுள்ள ஊரின் பேரையே ஆங்கிலத்தில் ஆளுக்கு ஒரு விதமாக எழுதுகிறார்கள்.

ஆகவே பேர் பொருந்தினால் அது ஆரம்பம் மட்டும்தான். அப்பா பேர், முகவரி, வயது, சம்பவம் நடந்த தேதி எல்லாம் பொருந்த வேண்டும். சுருக்க விசாரணை வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவரின் பேர், பெற்றோர் பேர், இருப்பிடம், அவர் ஒப்புக்கொண்டாரா இல்லையா, கோர்ட் என்ன முடிவெடுத்தது என்பதையெல்லாம் மாஜிஸ்திரேட் குறித்துவைக்க வேண்டும் என்று அதே சன்ஹிதாவின் 286-வது பிரிவு சொல்கிறது. ஆப்பில் இவ்வளவும் தெரியாமல் போகலாம். பெட்டி கேஸ்களில் தீர்ப்பு நகலும் அப்லோடு ஆகாமல் இருக்கலாம். கேஸ் நம்பரைக் குறித்துக்கொண்டு நேரில் போவதுதான் உறுதியான வழி.

கோர்ட்டில் நகல் கேட்டு மனு போடலாம். தீர்ப்பால் பாதிக்கப்பட்டவர் என்றால் நேரடியாகக் கேட்கலாம். சம்பந்தமில்லாத மூன்றாம் நபரும் கட்டணம் கட்டி, உயர் நீதிமன்ற விதிகளில் உள்ள நிபந்தனைகளுக்கு உட்பட்டு வாங்க 404-வது பிரிவில் இடம் இருக்கிறது. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியிருக்கும். இந்த வேலையில் வக்கீல் குமாஸ்தா ஒருவரைப் பிடித்தால் பாதி அலைச்சல் மிச்சம். “ஆர்.டி.ஐ. போட்டுடுவோமா?” என்று கேட்காதீர்கள். கோர்ட் வழக்குக் கட்டின் நகலை அந்த கோர்ட் விதிகளின்படிதான் வாங்க வேண்டும், தகவல் அறியும் உரிமைச் சட்டம் வழியாக அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் சொல்லிவிட்டது. ஆனால், ‘எங்க ஸ்டேஷன் எல்லையில போன வருஷம் 185-ல் எத்தனை கேஸ்?’ என்று எண்ணிக்கை மட்டும் போலீஸிடம் கேட்க 10 ரூபாய்க் கட்டணத்தில் ஆர்.டி.ஐ. போடலாம்.

‘டிஸ்போஸ்டு’ என்றால் குற்றவாளி என்று அர்த்தமில்லை

கேஸைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். ‘டிஸ்போஸ்டு’ என்று இருக்கிறது. அதற்கு ‘முடிந்தது’ என்று மட்டும்தான் அர்த்தம். எப்படி முடிந்தது என்பது அதற்குக் கீழே இருக்கும். ‘கன்விக்டட்’ என்றால் தண்டனை, ‘அட்மிட்டட்’ என்றால் அவரே ஒப்புக்கொண்டார், ‘அக்விட்டட்’ என்றால் விடுதலை. ‘பெண்டிங்’ என்றால் இன்னும் எதுவும் நிரூபிக்கப்படவில்லை. எஃப்.ஐ.ஆரும் அப்படித்தான், அது குற்றச்சாட்டு மட்டுமே. எஃப்.ஐ.ஆர்களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-ல் உத்தரவிட்டது, பாலியல் குற்றம் மாதிரியானவை தவிர. அதனால் எஃப்.ஐ.ஆர். கையில் கிடைப்பது சுலபம். கிடைத்ததுமே தீர்ப்பு எழுதிவிடுவதும் சுலபமாகிவிட்டது.

விடுதலையானவர் தன் பேரை நீக்கச் சொல்லிக் கேட்க முடியாதா? இதற்காக ஒருவர் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். 2021 ஆகஸ்ட்டில் தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு, பேரை மறைக்கச் சொன்னது. அதே வருடம் ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை போட்டது. சிறார் விஷயத்தில் மட்டும் சட்டம் தெளிவாக இருக்கிறது. 18 வயதுக்குக் கீழ் இருக்கும்போது நடந்த வழக்கில் பேரையோ அடையாளத்தையோ வெளியிடக் கூடாது. அப்படி ஒன்று உங்கள் கண்ணில் பட்டால் கடந்து போய்விடுங்கள்.

இதுவரை அடுத்தவர் கேஸ். உங்களுடையதாக இருந்தால்? கான்ஸ்டபிள் தேர்வுக்குப் படிக்கிறீர்கள், ரெண்டு வருடத்துக்கு முன்னால் திருவிழா ராத்திரியில் ஒரு 185 ஆகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விண்ணப்பத்தில் கேட்டால் மறைக்காதீர்கள். சின்ன வழக்கு என்றால் வேலை கொடுப்பவர் பொறுத்துக்கொள்ள இடம் இருக்கிறது, தெரிந்தே மறைத்தால் அதையே காரணமாக வைத்து வெளியேற்றலாம் என்பதுதான் 2016-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம். உங்கள் கேஸ் நம்பரை நீங்களே ஒருமுறை தேடிப் பார்த்து, அபராதம் கட்டியும் ‘பெண்டிங்’ என்றே காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டினால் ரசீதை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போய்ச் சரிசெய்யுங்கள்.

அப்புறம், அந்த ஸ்கிரீன்ஷாட். ‘பப்ளிக் ரெக்கார்டுதானே’ என்று ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போடத் தோன்றும். அவதூறுக்கு 2 வருடம் வரை சிறை உண்டு. உண்மையாகவே இருந்தாலும், பொது நன்மைக்காகச் சொன்னேன் என்றும் நீங்கள் காட்ட வேண்டும். பள்ளி வேன் டிரைவர் பற்றி என்றால் பள்ளி நிர்வாகத்திடம் கேஸ் நம்பரைக் கொடுங்கள், அவர்கள் விசாரிக்கட்டும். அக்காவின் மாப்பிள்ளை பற்றி என்றால், அந்தக் கேஸ் நம்பரைச் சொல்லிப் பையனிடமே கேளுங்கள். “அது நான் இல்ல, எங்க சித்தப்பா மகன்” என்று அவர் சொல்லலாம். “ஆமா, நான்தான், லைசென்ஸ் ஆறு மாசம் போச்சு, அதுக்கப்புறம் தொடல” என்றும் சொல்லலாம். எதைச் சொன்னாலும், சரிபார்க்க உங்கள் கையில் ஒரு நம்பர் இருக்கிறது. டீக்கடை மாமாவிடம் அதுகூட இல்லை.