கோள் என்னும் சொல்லும் ஒரு தொலைதூர ஞாயிறும்

பழந்தமிழர் வானத்து ஒளிகளை இருவகையாகப் பகுத்துக் கண்டனர். தம்முள் இடம் மாறாது நிற்பவற்றை நாண்மீன் என்றும், அவற்றினூடே இடம்பெயர்ந்து செல்பவற்றைக் கோண்மீன் என்றும் வழங்கினர். 'கோள்' என்பது 'கொள்' என்னும் வினையின் முதனிலை திரிந்து பிறந்த தொழிற்பெயர். பற்றிக்கொள்ளுதல் என்பது அதன் அடிப்படைப் பொருள்களுள் ஒன்று. வடமொழிக் 'கிரகம்' என்னும் சொல்லும் பற்றுதல் என்னும் பொருளுடைய வேரினின்றே வந்தது. கோள் மனிதரைப் பற்றும் என்பது சோதிட நம்பிக்கை. கோள் தன் விண்மீனைப் பற்றி இழுக்கும் என்பதோ இயற்பியல் உண்மை. இவ்விரண்டாவது பொருளை விளக்கத் தகுந்த விண்மீன் ஒன்றை ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

பழைய இலக்கியங்கள் எழுமீன் என்று சுட்டும் விண்மீன்களை உள்ளடக்கிய பெருங்கரடிக் குழாத்தில், ஏறத்தாழ 45 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது 47 அர்சே மெஜோரிஸ். நிறையிலும் வெப்பநிலையிலும் அது நம் ஞாயிற்றைப் பெரிதும் ஒத்தது. நகர ஒளியற்ற இருண்ட வானில் வெறுங்கண்ணுக்கும் மங்கலாகப் புலப்படும். ஏப்ரல் மாத முன்னிரவுகளில் நம் நாட்டிலிருந்து வடதிசை நோக்கினால் அது இருக்கும் பகுதியைக் காணலாம்.

1996 ஆம் ஆண்டில் ஜெஃப்ரி மார்சி, பால் பட்லர் ஆகியோர் இவ்விண்மீனைச் சுற்றும் கோள் ஒன்றை அறிவித்தனர். அக்கோளை அவர்கள் நேரில் கண்டாரல்லர். கோள் விண்மீனைச் சுற்றுகையில் விண்மீனும் ஒரு பொதுமையத்தைச் சுற்றிச் சிறிது அசைகின்றது. விண்மீன் நம்மை நோக்கி வருங்கால் அதன் ஒளி நீலப் பக்கமும், விலகிச் செல்லுங்கால் சிவப்புப் பக்கமும் மிக நுண்ணிய அளவில் நகர்கின்றது. வியாழனின் இழுப்பால் நம் ஞாயிறு அசையும் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 12 மீட்டர். இவ்விண்மீனோ முதற்கோளின் இழுப்பால் விநாடிக்கு ஏறத்தாழ 49 மீட்டர் வேகத்தில் அசைகின்றது. ஆகவே, பற்றுதலைக் கொண்டே பற்றிய கோள் உய்த்துணரப்பட்டது.

அக்கோள் வியாழனைப் போல் குறைந்தது இரண்டரை மடங்கு நிறையுடையது. தன் ஞாயிற்றை 1,078 நாள்களில் சுற்றி வருகின்றது. பின்னர், வியாழனில் ஏறத்தாழப் பாதி நிறையுடைய இரண்டாம் கோளும் அறியப்பட்டது. அதன் சுற்றுக்காலம் ஏறத்தாழ ஆறரை ஆண்டுகள். 2010 இல் அறிவிக்கப்பெற்ற மூன்றாம் கோளுக்கோ ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 38 ஆண்டுகள் வேண்டும். புவிக்கும் ஞாயிற்றுக்கும் இடைப்பட்ட தொலைவை ஓர் அலகாகக் கொண்டால், இம்மூன்றும் முறையே 2.1, 3.6, 11.6 அலகுத் தொலைவுகளில் உள்ளன.

2015 இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் நடத்திய பொதுவாக்கெடுப்பின் வழி, இவற்றுக்குத் தாய்லாந்து நாட்டுப்புறக் கதையிலிருந்து பெயர்கள் கிடைத்தன. விண்மீன் முதலையரசன் சாலவன் ஆயிற்று. முதலிரு கோள்கள் தபாவ் தோங், தபாவ் கேயோ என்னும் உடன்பிறந்த நங்கையர் பெயர்களைப் பெற்றன. 2019 இல் மலேசியாவும் மற்றொரு விண்மீனுக்கு இந்தான் என்றும், அதன் பெருங்கோளுக்குப் பைடூரி என்றும் பெயரிட்டது. மலாய்ப் பைடூரியும் நம் வைடூரியமும் ஒரே வடமொழிச் சொல்லின் வழிவந்தவை. அண்டை மொழிகள் வானில் தம் சொல்லை நட்டிருக்க, நம் வகுப்பறைச் சொல்வளம் எந்நிலையில் உள்ளது என்று நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஒரு சான்று காண்போம். பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்களைப் 'புறக்கோள்' என்று எழுதுகின்றோம். நம் ஞாயிற்றுக் குடும்பத்தில் வியாழன் முதலாக வெளிப்புறம் அமைந்தவற்றையும் அவ்வாறே குறிக்கின்றோம். அங்ஙனமாயின், சாலவனின் மூன்றாம் கோளை எவ்வாறு குறிப்பது? அது வேற்று ஞாயிற்றுக்கு உரியது. தன் குடும்பத்தில் வெளிப்புறத்தும் உள்ளது. ஒரே சொல் இரு கருத்துகளைச் சுமக்கும்பொழுது, மாணவர் மயங்குவது அவர்தம் அறிவுக்குறையன்று. அது சொல்லாக்கத்தின் குறை. அகம், புறம் என்பன ஒரு குடும்பத்துள் இடத்தைக் குறிக்கட்டும். வேற்று ஞாயிற்றுக்கு உரியவற்றை 'அயற்கோள்' எனலாம். அப்பொழுது, சாலவனின் மூன்றாம் கோள் 'ஓர் அயற்கோள். தன் குடும்பத்துப் புறக்கோள்' என்று மயக்கமறச் சொல்ல இயலும்.

கலைச்சொல் தூய்மையால் மட்டும் நிலைபெறுவதில்லை. கருத்தைப் பிரித்துக் காட்டும் ஆற்றலே அதற்கு நிலைபேறு தருவது. தமிழில் அறிவியல் பயிலும் ஒரு சிறுமி, கோள் என்பது கொள்ளுதலினின்று பிறந்தது என்று அறிவாளாயின், காணாத கோளைக் கண்டறிந்த முறையின் பாதியை அச்சொல்லே அவளுக்கு உணர்த்திவிடும். எஞ்சிய பாதியை உணர்த்துவது ஆசிரியர் கடன். அதற்கு உரிய சொற்களைத் தேர்ந்து தருவது நம் கடன்.