மிதிவண்டிக் கேரியருக்குக் குழாய் வளைத்தல்

நாற்பது லிட்டர் பாலின் எடை ஏறத்தாழ 41 கிலோகிராம். இச்சுமையைக் கேனுடன் ஏற்றக் கடையில் விற்கும் கேரியர் போதாமையால், பட்டறைகளில் எஃகுக் குழாயை வளைத்துத் தனியே ஒன்று செய்துகொள்வது பலரது வழக்கம். அத்தகைய கேரியரில் முறிவு தொடங்குமிடம் பெரும்பாலும் வளைவோ பற்றவைப்போதான்.

குழாயை வளைக்குங்கால் வெளிப்புறம் நீள்கிறது. உட்புறம் நெருக்குண்டு குறுகுகிறது. 12 மி.மீ. விட்டமுள்ள குழாயை, அதன் நடுக்கோட்டின் ஆரம் 48 மி.மீ. ஆகுமாறு வளைத்தால், வெளிவிளிம்பு நூற்றுக்கு 12.5 பங்கு நீள நேரிடும். மென்எஃகு இதனைத் தாங்கும். ஆரத்தைப் பாதியாக்கினால் நீட்சி இரட்டிக்கும். அன்றியும், குழாயின் உள்ளே தாங்குவதற்கு ஒன்றுமில்லாமையால் சுவர் தட்டையாகி, உட்புறம் மடிந்துவிடுகிறது. மடிப்பைச் சுத்தியால் தட்டி நிமிர்த்துவது கண்ணுக்கு அழகேயன்றி வலிமையன்று. வண்டி குலுங்குந்தோறும் விரிசல் அங்கேயே வளரும். ஆசிரியர்கள் இதனை ஒரு ரப்பர்க் குழாயைக் கொண்டே காட்டலாம்: வெறுங்குழாய் சட்டென்று மடியும், மணலை இறுக நிரப்பியது உருண்டையாகவே வளையும்.

எஃகுக் குழாய்க்கும் மணலே துணை. அதனை நன்கு வறுத்து, ஈரமறப் போக்கி, தட்டித்தட்டி நிரப்பி, இரு முனைகளையும் மரமுளையால் அடைக்க வேண்டும். ஈரமணலிட்டு உலையில் காய்ச்சினால் நீராவி முளையைத் துப்பாக்கிக் குண்டெனத் தெறிக்கச் செய்யும். எதிரே நிற்பவர் கண்ணிழக்கக் கூடும். துத்தநாகம் பூசிய குழாயை ஒருபோதும் உலையிலிடலாகாது; அதன் புகை காய்ச்சலை உண்டாக்கும். சிறு குழாய்களைக் காய்ச்சாமலே, பள்ளம் வெட்டிய மரக்கட்டையைச் சுற்றி மெல்ல வளைத்தல் நன்று. பற்றவைத்த நெடுவரி வளைவின் பக்கவாட்டில், நீட்சியும் நெருக்கமும் இல்லாத இடத்தில், அமைய வேண்டும். விசையை விட்டதும் குழாய் சிறிது மீளுமாதலால், ஒரு துண்டை முதலில் வளைத்துப் பார்த்து, அந்த அளவுக்கு மிகுதியாக வளைக்க வேண்டும். மேற்கூறிய செங்கோண வளைவுக்கு 75 மி.மீ. நீளம் செலவாகும்.

வண்டிச் சட்டத்தின் செய்தி வேறு. எடை குறைய வேண்டி, முனைகளில் தடித்தும் நடுவில் மெலிந்தும் அமைந்த குழாய்களுக்கு ரெனால்ட்ஸ் என்பார் இங்கிலாந்தில் 1897-ல் காப்புரிமை பெற்றார். அத்தகைய மெல்லிய நடுப்பகுதியை வளைக்க முயல்வது வீண். முன்கவை (கடைக்காரர் மொழியில் போர்க்கு) கோணியிருப்பின் அதனைக் காய்ச்சி நிமிர்த்தாமல், புதிதாக மாற்றிவிடுக.