தாம்போதியில் ஓடும் சூறாவளி

பெயரில் முனை இருந்தாலும் கிழக்கிலங்கையின் சொறிக்கல்முனை கடலோரத்தில் இல்லை. ஊருக்கும் கடலுக்கும் நடுவே வயல்வெளியும், மட்டக்களப்பு வாவியோடு சேரும் நீர்ப்பரப்பும் கிடக்கின்றன. அங்கிருந்து ஒருவர் தனியே மோட்டார் சைக்கிளில் கிளம்பி, வெள்ளம் வந்தால் மூழ்கும் தாழ்ந்த பாதையான கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து, நற்பிட்டிமுனை வழியே கல்முனைக்கு வருகிறார். பிறகு தெற்கே திரும்பி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில் என்று அக்கரைப்பற்று வரை கடலோரமாகவே போகிறார். கோடையில் இது வெறும் பயணம். மாரியில், வாடைக்காற்றும் மழையும் சேர்ந்த நாளில், இதே பாதை வண்டியைப் பல விதமாகச் சோதிக்கிறது.

முதலில் மழை. பல நாள் வெயிலுக்குப் பிறகு விழும் முதல் மழைதான் வழுக்கல் மிகுந்தது. வீதியில் படிந்த எண்ணெயும் தூசியும் கடல்மணலும் நனைந்து பசைபோல் ஆகிவிடும். காய்ந்த தார்வீதியில் மணிக்கு 60 கிலோமீற்றரில் வரும் வண்டி, பிரேக் பிடித்தபின் ஏறத்தாழ 18 மீற்றரில் நிற்கும். பிடிமானம் பாதியாகக் குறைந்தால் 35 மீற்றர் வேண்டும். ஆபத்தைக் கண்டு கை பிரேக்கை அழுத்துவதற்குள் கடந்துவிடும் தூரம் இதில் சேரவில்லை. ஒரு வினாடி தாமதித்தாலே இன்னும் 17 மீற்றர் போய்விடும்.

அடுத்தது காற்று. வீடுகளும் தென்னந்தோப்புகளும் மறைத்து நிற்கும்வரை தெரியாது. நிந்தவூர் தாண்டிக் களியோடைப் பாலத்தில் ஏறும்போது திறந்த வெளியில் பக்கவாட்டில் வந்து மோதும். மணிக்கு 60 கிலோமீற்றர் காற்று, ஆளும் வண்டியுமாகச் சேர்ந்த ஒரு சதுர மீற்றர் பரப்பை ஏறக்குறைய 17 கிலோ எடையால் தள்ளும். ஓட்டுபவர் தன்னையறியாமலே காற்றின் பக்கம் சாய்கிறார். ஐந்து பாகை அளவு சாய்ந்தால் கணக்குச் சரியாகிவிடும். காற்று சட்டென்று நின்றுபோனால்தான் சிக்கல். சாய்வு மிஞ்சிவிடும், வண்டி காற்று வந்த பக்கமாகவே இழுக்கும்.

கிழக்கில் சூறாவளி என்றதும் 1978 நவம்பரைத்தான் பெரியவர்கள் நினைக்கிறார்கள். காற்றுக்கு அஞ்சுவது நியாயமே. ஆனால் தனியே போகும் மோட்டார் சைக்கிள்காரர் அதைவிட அஞ்ச வேண்டியது முழங்கால் உயரங்கூட இல்லாத நீருக்கு. ஓடும் பொருள் தரும் அழுத்தம் அதன் அடர்த்தியையும், வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தி கொண்டது. ஆகவே மணிக்கு 60 கிலோமீற்றர் காற்று தரும் அழுத்தத்தைத் தர, நீர் மணிக்கு 2 கிலோமீற்றர் ஓடினால் போதும். நாம் நடக்கும் 4 கிலோமீற்றர் வேகத்தில் தாம்போதியைக் கடக்கும் நீர், மணிக்கு 115 கிலோமீற்றர் சூறாவளிக்கு ஒப்பான அழுத்தத்தோடு சில்லுகளிலும் கால்களிலும் மோதுகிறது. வேகம் இரட்டித்தால் தள்ளுவிசை நான்கு மடங்காகும்.

இன்னொரு கேடும் உண்டு. ஓடும் இருசில்லு வண்டி ஓரளவு தானாகவே நிமிர்ந்து நிற்கும். இதற்குச் சுழலும் சில்லின் விசையே காரணம் என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். அந்த விளைவு இல்லாமலும் ஒரு சைக்கிள் தன்னை நிமிர்த்திக்கொள்ளும் என்று, அதற்கென்றே செய்த ஒரு வண்டியை ஓடவிட்டு 2011இல் நெதர்லாந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். எப்படியானாலும் அதற்கு வேகம் வேண்டும். வெள்ளத்தில் உருட்டிப் போகும்போது அந்த வேகம் இல்லை. கால் ஊன்றித்தான் சமநிலை. ஊன்றும் இடமோ சேறும் பாசியும். நீரின் மிதப்பு வேறு சில்லின் பாரத்தைக் குறைத்துப் பிடிமானத்தைத் தளர்த்துகிறது. இயந்திரத்துக்குள் நீர் இழுபட்டால் அதை அழுத்திச் சுருக்க முடியாது. பிஸ்டனைத் தாங்கும் தண்டே வளைந்துபோகலாம். பின்னால் ஒருவர் இருந்தால் இறங்கி முன்னே நடந்து ஆழம் பார்ப்பார். தனியே போகிறவருக்கு அந்தக் கண்கள் இல்லை.

கிட்டங்கியைத் தவிர்த்துச் சம்மாந்துறை வழியாகச் சுற்றினாலும் மாவடிப்பள்ளியில் வெள்ளம் வீதியை மூடும். 2024 நவம்பர் 26 அன்று அங்கேதான் மதரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் நீரில் புரண்டது. பிள்ளைகள் உயிரிழந்தார்கள். மோட்டார் சைக்கிளைவிடப் பல மடங்கு கனமான வண்டி அது.

வெள்ளத்தின் வேகத்தை அறியக் கருவி எதுவும் வேண்டாம். கரையில் நின்று ஒரு சுள்ளியை எறிந்து பார்க்கலாம். 6 மீற்றர் அகலமான வீதியை அது 5 வினாடிக்குள் கடந்தால், நீர் நடையைவிட வேகமாக ஓடுகிறது. வண்டியைத் திருப்ப வேண்டும். இரவில் இதையும் செய்ய முடியாது. ஹெட்லைட் வெளிச்சத்தில் ஓடும் நீர், மழையில் நனைந்த வெறும் வீதியைப் போலவே தெரியும்.